கடுகை உள்ளே வைத்த கதை

வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள் நான். தஞ்சாவூரை ஒட்டிய புறநகரில் வீடு. பின்னறை ஜன்னலோரம் மெஷின் போட்டிருக்கிறேன். நிமிர்ந்தால் கொல்லை தெரியும். ஒரு முருங்கை, இரண்டு தென்னை, கறிவேப்பிலை, செம்பருத்தி, அப்புறம் யாரும் வைக்காமல் தானாக முளைத்து இடுப்பளவு வளர்ந்திருந்த ஒரு வாதாங்கன்று.

முந்தின வருஷம் மாசிக் கடைசியில் அந்த வாதாங்கன்றின் இலை ஒன்றை ஒரு தையல்சிட்டு தைக்க ஆரம்பித்தது. சித்திரை முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிந்துகிடந்த நேரம். இருந்தாலும் கையிலிருந்த துணியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில்காரி கண் அல்லவா? கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய குருவி. அலகால் இலை ஓரத்தில் வரிசையாக ஓட்டை போடுகிறது. சிலந்தி நூலையோ பஞ்சையோ அதில் நுழைத்து இழுக்கிறது. முடிச்சுப் போடுவதே இல்லை. வெளியே வந்த நுனி பிசிறு பிசிறாக விரிந்து ஓட்டையில் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் பிடிமானம். நான் அப்படித் தைத்தால் கஸ்டமர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். நான்கு நாளில் இலை ஒரு சுருக்குப் பை மாதிரி ஆகிவிட்டது. நான் பெருக்கித் தள்ளிய வெட்டுத் துணிக் குப்பையிலிருந்து ஒரு ரோஸ் நூலையும் பொறுக்கிக்கொண்டுபோய் உள்ளே சொருகியிருந்தது.

பன்னிரண்டு நாள் போல அடைகாத்தது. மூன்று குஞ்சு. அதிலிருந்து இரண்டு வாரம் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் புழு கொண்டுவந்தன. குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கிய அன்று காலை ஆறரை மணி இருக்கும். வெளியே தாய்க்குருவி போட்ட சத்தம் அந்த உடம்பிலிருந்து வருகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு இருந்தது. அணில் வேறு சேர்ந்து கத்தியது. நான் எழுந்து பின்கதவுக்குப் போவதற்குள் எங்கள் பூனை கடுகு உள்ளே வந்துவிட்டது. மெஷின் பெடலுக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது.

கடுகுக்கு அப்போது இரண்டரை வயது. கறுப்பு, சின்ன உருவம், பெட்டை. அந்தக் குஞ்சை அது தின்னவில்லை, தின்ன வேண்டிய அவசியமும் இல்லை. அரைமணி முன்னால்தான் ஒரு தட்டு நெத்திலிச் சோறு முடித்திருந்தது.

இரண்டாவது குஞ்சைச் செம்பருத்தி அடியில் அதன் வாயிலிருந்தே பிடுங்கினேன். உயிர் இருந்தது. இறக்கைக்கு அடியில் கடுகு மணி அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, வேறு காயமே தெரியவில்லை. செருப்பு அட்டைப் பெட்டியில் துணி போட்டு வைத்தோம். பிழைத்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மறுநாள் ராத்திரி செத்துப்போனது. பிறகு கால்நடை டாக்டரிடம் பேசும்போது சொன்னார்: பூனையின் எச்சிலில் பாஸ்சுரெல்லா என்று ஒரு பாக்டீரியா உண்டு, பல் முனை பட்ட சின்ன ஓட்டை போதும், குருவி உடம்புக்குள் பரவிவிடும், உடனே ஆண்டிபயாடிக் கொடுத்தால்தான் ஏதாவது வாய்ப்பு. ஆகவே பூனை வாயிலிருந்து மீட்ட பறவை நன்றாகத் தத்துகிறது என்று நம்பிப் பறக்கவிட வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோவதுதான் சரி. மூன்றாவது குஞ்சு என்ன ஆனது என்று தெரியாது.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "பூனைன்னா குருவி பிடிக்கத்தான்டி செய்யும். புல்லா திங்கும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதலில் எனக்குத் தோன்றியது எல்லாருக்கும் தோன்றுவதுதான்: வயிற்றை நிரப்பிவிட்டால் பிடிக்காது. நெத்திலிச் சோற்றை இரண்டு தட்டாக்கினேன். கடுகு தடித்தது, வேட்டை குறையவில்லை. பூனைக்கு வேட்டையாடும் ஆசை பசியிலிருந்து மட்டும் வருவதில்லை. அசைவதைப் பார்த்தால் உடம்பு தானாகப் பதுங்குகிறது. அடுத்தது மணி. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று காலங்காலமாகக் கேட்கிறோமே, நான் கட்டினேன். கடை மணி, பத்து ரூபாய். ஒரே வாரத்தில் கழுத்தை ஆட்டாமல் நடக்கப் பழகிக்கொண்டது. மணி கட்டிய பூனை சத்தமே இல்லாமல் ஜன்னலைத் தாண்டிப் போவதை மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்தேன்.

கல்லூரியில் படிக்கும் என் பெண்தான் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 219 வீடுகளில் 355 பூனைகளை வைத்து 12 வாரம் இதையெல்லாம் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். மணியால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தானியம் சேராத, இறைச்சிச் சத்து அதிகமான தீனி போட்ட வீடுகளில் பூனை கொண்டுவரும் இரை 36 சதவீதம் குறைந்திருக்கிறது. தினம் ஐந்து, பத்து நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 சதவீதம். பளிச்சென்ற நிறத்தில் துணிப்பட்டை கழுத்தில் போட்ட பூனைகள் பிடித்துவந்த பறவைகள் 42 சதவீதம் குறைவு. பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும், தூரத்திலேயே பார்த்துப் பறந்துவிடும்.

சோற்றை நிறையப் பிசைந்து மீனைப் பேருக்குக் கலந்த என் சமையல் அங்கேயே அடிபட்டுப்போனது. அன்றிலிருந்து சோறு கால், மீனும் கோழி ஈரலும் முக்கால். பால் அறவே நிறுத்தினேன். வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றால்தான் போகும்.

துணிப்பட்டை விஷயம் எனக்குக் கை வந்த வேலை. மாம்பழக் கலரில் ஒன்று, ரத்தச் சிவப்பில் ஒன்று, மீந்த ஜாக்கெட் துணியில் இரண்டு இஞ்ச் அகலத்துக்குச் சுருக்கு வைத்து, நாடகத்தில் ராஜா போடுவது மாதிரி தைத்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், தைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: கொக்கியோ பட்டனோ வைக்கக் கூடாது. கிளையில் மாட்டினால் பூனை தூக்கில் தொங்கும். சின்ன வெல்க்ரோ துண்டுதான் வைக்க வேண்டும், பலமாக இழுத்தால் தானாகக் கழன்றுவிட வேண்டும். நான் தைத்ததில் நான்கு பட்டை இப்படி எங்கெங்கோ கழன்று தொலைந்தன. தொலைந்தால் தொலைகிறது, வெட்டுத் துணிதானே.

அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு எழுத ஆரம்பித்தேன். பட்டை போடுவதற்கு முன் மூன்று மாதத்தில் வீட்டுக்குள் வந்தவை: பல்லி, அரணை, ஓணான் எல்லாம் சேர்த்து 17, சுண்டெலி 5, குருவி 6. அதில் ஒரு தேன்சிட்டும் உண்டு. பட்டை போட்ட பிறகு அதே அளவு காலத்தில் குருவி 2. ஓணான் கணக்கு அப்படியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் முருங்கை அடியில் ஒரு நாள் தவிட்டுக்குருவி இறகு குவியலாகக் கிடந்தது, அது நோட்டில் வரவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் குட்டி கேமரா மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிடித்த இரையில் நூற்றுக்கு 23தான் வீட்டுக்கு வந்தது. பாதியை அங்கேயே போட்டுவிட்டு வந்தன, மீதியைத் தின்றுவிட்டன. வாசலில் வந்து விழுவதை மட்டும் எண்ணிவிட்டு நம்ம பூனை அப்படியொன்றும் மோசமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி.

இது பற்றி வெளிநாடுகளில் பெரிய சண்டையே நடக்கிறது. அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடிப் பறவைகளைப் பூனைகள் கொல்வதாக 2013-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதிலும் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளுடையது. ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் 2022-இல் கொண்டை வானம்பாடி முட்டையிடும் மாதங்களில் பூனையை வெளியே விடக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவி இருந்தது. 1890-களில் கலங்கரை விளக்கம் கட்ட ஆட்கள் போனார்கள், கூடவே பூனையும் போனது, சில வருஷத்தில் அந்த இனமே இல்லை. இன்னொரு பக்கம், பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி., பூனைகள் கோடிக்கணக்கில் பறவைகளைப் பிடித்தாலும் நாடு முழுவதும் பறவைகள் குறைவதற்கு அதுதான் காரணம் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தஞ்சாவூர்க் கொல்லைக்கு அப்படியே பொருத்துவது சரியில்லை என்று எனக்குப் பட்டது. இங்கே கீரி இருக்கிறது, சாரைப் பாம்பு இருக்கிறது, காக்கா, செம்போத்து, வல்லூறு எல்லாம் இருக்கின்றன. தையல்சிட்டு இவற்றோடு காலங்காலமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. கடுகால் இந்த இனம் அழிந்துவிடாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வயலில் எலி குறைந்தால் அதைத் தின்னும் பாம்பும் குறையும், அது ஒரு கணக்கு. கடுகுக்கு அந்தக் கணக்கே கிடையாது. கொல்லையில் கடைசிக் குருவி போனாலும் அதற்கு வேளாவேளைக்கு ஈரல் தட்டு வரும், தடுப்பூசி வரும். நான் சோறு போட்டு வளர்க்கும் வேட்டைக்காரி அது. கீரி செய்வதற்கு நான் பொறுப்பில்லை. இதற்கு நான்தான்.

சரி, உள்ளே வைப்பது என்று முடிவெடுத்தேன். அம்மா கேட்டார்: "பூனையப் புடிச்சு ஜெயில்ல போடப் போறியாடி?"

ஒரே நாளில் கதவைச் சாத்தினால் நடக்காது. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், மூன்றாம் ராத்திரி அது கத்திய கத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது, திறந்துவிட்டேன். கத்தினால் கதவு திறக்கும் என்று அதற்கு நானே பாடம் நடத்திய மாதிரி ஆயிற்று. அப்புறம் வேறு வழியில் போனோம். ராத்திரிச் சாப்பாட்டை ஆறு மணிக்கே வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது, காலை ஒன்பது மணிக்குத்தான் திறப்பது. குருவிகள் அதிகம் தரையில் இரை பொறுக்கும் விடிகாலை நேரம் இதிலேயே அடங்கிவிடும். முழுக்க உள்ளே வைக்க முடியாதவர்கள் இதையாவது செய்யலாம். குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் வாரத்திலாவது கட்டாயம் செய்யலாம். இறங்கின குஞ்சுக்கு நன்றாகப் பறக்க இன்னும் சில நாள் ஆகும். தரையில் தத்துகிறதே, அநாதையாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வராதீர்கள், தாய் பக்கத்திலேயே இருக்கும். ஒரு செடி மேல் உட்காரவைத்துவிட்டுப் பூனையைத்தான் உள்ளே எடுக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்துக் கடுகுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தோம். பத்து நாள் வெளியே விடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்தப் பத்து நாளை நான் நீட்டித்துக்கொண்டே போனேன். இன்றுவரை அது முடியவில்லை. ஆபரேஷன் ஆன பிறகு வெளியே போகும் தவிப்பும் பாதியாகக் குறைந்துவிட்டது.

ஜன்னல்களுக்கு முதலில் நைலான் கொசுவலை ஒட்டினேன். இரண்டு நாளில் நகத்தால் கிழித்துத் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எஸ்.எஸ். வலைதான் நிற்கும், ஃபிரேம் போட்டு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். அப்புறம் பின்னறை ஜன்னலுக்கு வெளியே ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் வெல்டு மெஷ் கூண்டு ஒன்று அடிக்கச் சொன்னேன். ஜன்னல் வழியாக அதற்குள் போகலாம், வரலாம். வெல்டிங் தம்பி அளவெடுத்துக்கொண்டே, "எத்தனை கோழிக்கா?" என்றான். பூனைக்கு என்றதும் ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். மேலே தகரம், உள்ளே இரண்டு பலகைத் தட்டு, ஏறிக் கீற ஒரு தென்னை மட்டை. எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். கடுகு இப்போது பகலில் முக்கால்வாசி அங்கேதான் கிடக்கிறது.

மலம் கழிக்க டிரே இரண்டு. ஒன்று போதும் என்று நினைத்தேன், அது அழுக்காக இருந்த அன்று என் அயர்ன் செய்த துணி மேலேயே போய்விட்டது. ஆற்று மணலைச் சலித்துப் போட்டுப் பார்த்தேன். செலவில்லை, ஆனால் நாற்றம் தாங்காது. பூனை டிரேக்கென்றே விற்கும், ஈரம் பட்டால் கட்டி பிடிக்கும் 'கேட் லிட்டர்' மண்தான் வாங்குகிறேன். விளையாட்டு தினமும் இரண்டு வேளை, ஒரு குச்சி நுனியில் துணி கட்டி ஓட ஓட இழுப்பது. முடிவில் ஒரு துண்டு ஈரல். பிடித்தோம், தின்றோம் என்று அதற்கு ஒரு திருப்தி. இதை இரண்டு நாள் விட்டால் என் கணுக்காலைப் பதுங்கிப் பிடிக்கும்.

இனி சொல்லப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். உள்ளே வைத்த நான்காவது மாதம் கடுகு சாப்பிடவில்லை, இரண்டு தடவை வாந்தி. வாய் ஓரத்தில் இரண்டு இஞ்ச் நீல நூல் தொங்கியது. இழுக்கக் கையை நீட்டிவிட்டேன். என் பெண் தட்டிவிட்டாள். டாக்டர் வாயைத் திறந்து காட்டினார்: நூல் நாக்குக்கு அடியில் வளைந்து மாட்டி, மறுமுனை குடலுக்குள் போயிருந்தது. இழுத்திருந்தால் ரம்பம் மாதிரி குடலை அறுத்திருக்கும் என்றார். பூனை நாக்கில் பின்பக்கம் பார்த்த முள் உண்டு. நூல் அதில் பட்டால் வெளியே துப்ப வராது, உள்ளேதான் போகும். வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். எனக்கு இரண்டு மாதத் தையல் கூலி. ஊசி இல்லாமல் வெறும் நூலாக இருந்தது அதிர்ஷ்டம். வெளியே திரிந்திருந்தால் இந்த ஆபத்து வந்திருக்காது, அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தெருவில் லாரியும் நாயும் காத்திருக்கும், வீட்டில் பாபினும் ரப்பர் பேண்டும் காத்திருக்கும். இப்போது நூல் கண்டெல்லாம் மூடி போட்ட டப்பாவில். ஒரு பிளவுஸ் முடிந்தால் ஒரு பெருக்கு.

எலிக்கு என்ன செய்வாய் என்று கேட்டார்கள், அம்மா உட்பட. பெருச்சாளியைக் கண்டு கடுகு ஒதுங்கிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அரிசியைத் தகர டிரம்முக்கு மாற்றினோம், கழிவுநீர்க் குழாய்க்கு வலை அடித்தோம். எலி முன்பு இருந்ததைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தெருப்பூனைகள்தான் இன்னும் தீராத பிரச்சினை. எதிர்வீட்டு அண்ணன் தினம் ஆறேழு பூனைக்குச் சோறு வைக்கிறார். நல்ல மனிதர். அவரிடம் போய்க் குருவி கதை சொன்னால் எடுபடவில்லை. பூனையின் சினைக்காலம் இரண்டே மாதம், ஆறு மாதக் குட்டியே சினைப்படும், அடுத்த வருஷம் இந்த வாசலில் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருவரும் பாதிப் பாதி போட்டு இதுவரை மூன்று பெட்டைகளுக்கு ஆபரேஷன் செய்திருக்கிறோம். கடுவன் இரண்டும் கைக்குச் சிக்கவில்லை.

இந்த வருஷம் பங்குனியில் வாதாங்கன்றில் மறுபடியும் கூடு. அதே ஜோடியா என்று தெரியாது. இந்தத் தடவை பச்சை நூல். கடுகு கூண்டுக்குள் மேல்தட்டில் உட்கார்ந்து, கண் இமைக்காமல் அதையே பார்த்துத் தாடை நடுங்க 'கெக்கெக்' என்று ஒரு சத்தம் போடும். முதல் இரண்டு நாள் குருவி மிரண்டது. அப்புறம் கூண்டின் தகரத்து மேலேயே வந்து உட்கார்ந்து இறகு கோதியது.

குஞ்சு பொரித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மத்தியானம் திடீரென்று தவிட்டுக்குருவிக் கூட்டமே சேர்ந்து கத்தியது. எட்டிப் பார்த்தால் வாதாங்கிளையில் செம்போத்து, அலகில் ஒரு குஞ்சு. ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது அலட்டிக்கொள்ளாமல் தென்னைப் பக்கம் பறந்துபோனது. கூட்டில் இன்னும் இரண்டு வாய் திறந்திருந்தது.

திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏண்டி, அதையும் புடிச்சு உள்ள போட்டுடேன்."